கெதியா எண்டால் இடப்பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைஞ்சிட்டுதோ? எனக்குத் தொண்டை கட்டினதைத் தவிர வேற வருத்தமில்லை. அதுவும் சந்தோசத்திலதான்.

கூடைப்பந்துக் கம்பம் இல்லாமல் வலைப்பந்துக் கம்பத்தில பழகித் தொடங்கின எங்கட பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணி, பதினாலு வருசமா மாகாண அரையிறுதியோட திரும்பி வரும். இந்த முறையும் தோத்தா அணியைக் கலைக்கிறது எண்டு கல்லூரி நிர்வாகத்தார் இருந்தவை. வெள்ளிக்கிழமை கிண்ணத்தோட மாத்தளைக்கு வந்திட்டம்!

நான் பழக்க வந்த முதல் கிழமை "கெதியா!" எண்டு கத்தினன். இஞ்ச "சீக்கிரம்" எண்டாத்தான் விளங்கும். கப்டன் நப்லா, "டீச்சர், கெதியான்னா எந்தப் பக்கம் ஓடணும்?" எண்டு கேட்டாள். வெக்கத்தில "இடப்பக்கம்" எண்டிட்டன். பிறகு நான் "கெதியா" எண்டால் எல்லாரும் இடப்பக்கம் ஓடுறதே பழகிப் போச்சு.

இறுதிப் போட்டியில கடைசி நிமிசம், ஒரு புள்ளி பின்னுக்கு நிக்கிறம். கத்திக் கத்தி எனக்குக் குரல் அடைச்சுப் போச்சு. நப்லா "கெதியா!" எண்டு கத்தினாள். அஞ்சு பேரும் இடப்பக்கம் பாய்ஞ்சினம். எதிரணிக்கு ஒண்டும் விளங்கேல்லை. பந்து கூடைக்குள்ள!

உங்கட மிளகாய்த்தூள் ஒரு போத்தல் அனுப்புங்கோ. கடைத்தூள் வாய்க்குப் பிடிக்குதில்லை.

பிள்ளையள் பயிற்சிக்கு வந்திட்டினம், நிப்பாட்டுறன். போனில நீங்கள் "கெதியா வா பிள்ளை" எண்டேக்க, நானும் இப்ப இடப்பக்கம்தான் திரும்புறன். உங்களிட்ட வாற பஸ் நிக்கிற ஸ்டாண்டும் அந்தப் பக்கம்தான் இருக்கு.

உங்கட மகள்
தயாளினி