ஆமெனிலிருந்து மேலே

ஜூன் 3, திங்கள்

என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள், நோட்டே. நான் ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. வயது அறுபத்தெட்டு. இந்த லுத்தரன் கிறிஸ்தவப் பள்ளியின் வாசல் காவலாளி. இங்கே மாலை வகுப்பில் போன வருஷம்தான் எழுத்துப் படித்தேன்.

சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா மாற்றலாகிப் போய்விட்டார். இன்று தலைமையாசிரியர் கூப்பிட்டார். "நீங்களே நடத்துங்க பெரியவரே. மாசக் கடைசியில வந்து பார்ப்பேன். வகுப்புக்கு வர்ற ரெண்டு பேரும் வாசிக்கலைன்னா அந்த அறையை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்குவேன்."

நானா? வாத்தியாரா?

ஜூன் 5, புதன்

இரண்டு பேர். பள்ளிச் சமையல்காரம்மா, தோட்டக்காரர். "தப்புப் பண்ணினா முட்டி போடணுமா வாத்தியாரே?" என்றார் தோட்டக்காரர். முதலில் போட வேண்டியவன் நானாச்சே.

தெரிந்ததிலிருந்து தொடங்கலாம் என்று, தினமும் காலையில் சிற்றாலயத்தில் எல்லாரும் சொல்லும் ஜெபத்தையே பலகையில் எழுதிப் பாடமாக வைத்தேன்.

ஜூன் 12, புதன்

அதிசயம். இருவரும் ஒரு பிழையில்லாமல் வாசிக்கிறார்கள். ஒரே வாரத்தில்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 13, வியாழன்

புரிந்துவிட்டது. சமையல்காரம்மாவின் விரல் மூன்றாவது வரியில், வாய் ஐந்தாவது வரியில். தோட்டக்காரரோ கண்ணை மூடிக்கொண்டே வாசிக்கிறார்.

"கண்ணை ஏன்யா மூடுறே?"

"ஜெபமாச்சே. திறந்து வச்சுக்கலாமா?"

சிரித்துவிட்டேன். பிறகு நாளை எண்ணிப் பார்த்தேன். இன்னும் இரண்டே வாரம். மனப்பாடம் என்று தலைமையாசிரியர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாரே.

ஜூன் 17, திங்கள்

கடைசி வரியிலிருந்து தொடங்கச் சொன்னேன். ஆமெனிலிருந்து மேலே, ஒவ்வொரு சொல்லாக. மனப்பாடம் அங்கே செல்லாது.

"வேர்லேருந்து நுனிக்கா?" என்றார் தோட்டக்காரர். சமையல்காரம்மா பயந்துவிட்டார். "ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரா அண்ணே?"

போதகரிடமே போய்க் கேட்டேன். "எந்தப் பக்கத்துலேருந்து வந்தாலும் அவருக்குக் கேக்கும்" என்றார்.

ஜூன் 21, வெள்ளி

ஒரு மணி நேரம். நாலு சொல்.

ஜூன் 28, வெள்ளி

தலைமையாசிரியர் வந்தார். கையில் அறையை அளக்க டேப்.

தோட்டக்காரர் வியர்த்துக் கொட்ட முதலில் வாசித்து முடித்தார், கண்ணைத் திறந்தபடி. பிறகு சமையல்காரம்மா. பாதி தூரம் மேலே ஏறியதும் நின்றுவிட்டார். விரல் ஒரு சொல்லின்மேல். போச்சு என்று நினைத்தேன்.

"ஆ... கா... ரத்தை. அண்ணே, சாப்பாடு. இதுல சாப்பாடு இருக்கு."

"தினமும் சொல்றதுதானேம்மா" என்றார் தலைமையாசிரியர்.

"சொன்னேன் சார். இப்பத்தான் பார்க்கிறேன். முந்நூறு பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுறேன். அதையா இத்தனை வருஷமா ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முப்பது வருஷம் சிற்றாலயக் கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றவன் நான். உள்ளே இருப்பவர் படித்தவர்களின் ஆண்டவர் என்று நினைத்திருந்தேன். இன்று அவர் இந்தச் சுண்ணாம்புத் தூசியில், எங்கள் பெஞ்சில், அந்த அம்மாவின் விரல் நுனியில் இருந்தார். நான் செய்தது பலகையைப் பிடித்துக்கொண்டது மட்டும். அதற்குத்தான் என்னை இத்தனை நாள் வைத்திருந்தாரோ?

தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அறையை அளக்கவே இல்லை; டேப் மேசைமேலேயே கிடக்கிறது.

திங்கட்கிழமை தோட்டக்காரர் தன் மனைவியையும் கூட்டிவருகிறாராம். இன்னொரு பெஞ்சு துடைக்க வேண்டும். அவள் எந்தச் சொல்லில் நிற்கிறாள் என்று பார்த்து அடுத்த வாரம் எழுதுகிறேன்.