சட்டப்படி உங்கள் மனைவி

மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். எட்டு வருடமாக ஒரு வரி எழுதாதவள் திடீரென்று நலமா என்று கேட்டால், ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். சரியாகத்தான் நினைப்பீர்கள். ஆனாலும் கேட்கிறேன், நலமா? அச்சு இயந்திரத்தின் முன்னால் நின்று நின்று வரும் அந்த முதுகுவலி எப்படி இருக்கிறது?

எனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். யாராவது சொல்லியிருப்பார்கள். ஐந்து வயது. ஓயாமல் பேசுவதால் குருவி என்று கூப்பிடுகிறோம். அவள் அப்பா பஸ் ஓட்டுகிறார். நல்ல மனிதர். இதற்கு மேல் அவரைப் பற்றி உங்களிடம் சொல்வது முறையில்லை.

அவள் பிறப்பைப் பதியப் போன அன்று, அப்பா பெயர் என்ற இடத்தில் பதிவாளர் உங்கள் பெயரை எழுதிவிட்டார். "அவர் இல்லீங்க, இவர்தான்" என்று பக்கத்தில் நின்ற ஓட்டுநரைக் காட்டினேன். "உங்க கல்யாணம் இன்னும் இருக்கும்மா. அது இருக்கிற வரைக்கும் பொறக்கிற குழந்தைக்குப் புருஷன்தான் அப்பா. நான் என்ன பண்றது, சட்டம் அப்படி" என்றார். நம் நாட்டில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொள்ள வழியே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததா? மதபீடம் கூடாது என்கிறது. யார் ஆட்சிக்கு வந்தாலும் முதல் வேலையாகப் பெரிய குருவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருகிறார்கள்.

இப்போது குருவியைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். எங்கள் தெருவில் இருந்த அரசுப் பள்ளியை மதபீடத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். கட்டடம் அதேதான்; பெயர்ப்பலகையும் காலைப் பிரார்த்தனையும் மட்டும் புதிது. வேறு பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சேர்க்கும்போது அப்பாவும் குழந்தையும் மட்டும் தலைமை ஆசிரியை முன்னால் போய் உட்கார வேண்டுமாம். சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வர வேண்டும்.

ஒரே ஒரு காலைப் பொழுது. வந்து போக முடியுமா?

சட்டப்படி உங்கள் மனைவி

மார்ச் 14

வாயாடிக்கு,

உன் கடிதம் அச்சகத்துக்கு வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலேயே நின்றுகொண்டிருந்தேன். பின்னால் மை தீர்ந்து, தாள் எல்லாம் வெள்ளையாக வந்து விழுந்துகொண்டிருந்தது. முதலாளி வந்து "என்னய்யா, கனவு காணுறியா?" என்று சத்தம் போட்ட பிறகுதான் இயந்திரத்தை நிறுத்தினேன்.

முதுகு அப்படியேதான் இருக்கிறது. கேட்டதற்குச் சந்தோஷம்.

குழந்தையைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். கேள்விப்பட்ட அன்று வழிபாட்டுக் கூடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

ஆனால் நீ கேட்பதை நான் செய்ய முடியாது. அந்தத் தலைமை ஆசிரியை மடத்தைச் சேர்ந்தவர், சத்தியத்துக்கு வாழ்பவர். அவர் முகத்தைப் பார்த்து, இது என் பிள்ளை என்று சொல்லச் சொல்கிறாய். என்னிடம் எதை வேண்டுமானாலும் கேள். பொய்யை மட்டும் கேட்காதே.

சமையலறை ஜன்னல் இன்னும் சரியாக மூடுவதில்லை. காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க நீ மடித்துச் செருகிய அட்டை அப்படியே இருக்கிறது. புதுக் கொக்கி வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டத்தான் மனம் வரவில்லை.

இப்படிக்கு,
நான்தான்

மார்ச் 22

அன்புள்ள உங்களுக்கு,

பொய் என்கிறீர்கள். எது பொய்? அவள் உங்கள் மகள் என்று நான் சொல்லவில்லை. அவளைப் பெற்றவரும் சொல்லவில்லை. உங்கள் குருமார் எழுதி வாங்கிய சட்டம் சொல்கிறது. அவர்கள் சொன்னதையெல்லாம் உண்மை என்று ஏற்றுக்கொண்டவர் நீங்கள். இதை மட்டும் ஏன் தள்ளுகிறீர்கள்?

நமக்குக் குழந்தை இல்லாதபோது டாக்டரைப் பார்ப்போம் என்று கெஞ்சினேன். மருத்துவமனை வாசல் வரை போனோம். பரிசோதனை எல்லாம் கூடாது, பிரார்த்தனை போதும் என்று குரு சொன்னார் என்று படியிலேயே திரும்பினீர்கள். அன்று உங்களோடு வீட்டுக்கு வந்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் நீங்கள் இருந்தும் நான் தனியாகத்தான் இருந்தேன். மாலையானால் கூடம் முழுக்கப் பிரார்த்தனைக்கு வந்தவர்கள். எனக்கு உட்கார ஒரு மூலை கிடையாது. அதையெல்லாம் சண்டைக்காகச் சொல்லவில்லை. சண்டை போடும் வயது தாண்டிவிட்டது.

கோபத்தில் வேகமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். வர முடியாது என்றால் ஒரு வரி போடுங்கள். ஏப்ரல் பதினாறாம் தேதி, காலை ஒன்பது மணிக்கு.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 18

வாயாடிக்கு,

அன்று பள்ளி வாசலில் உன்னிடம் சரியாகப் பேசாமல் கிளம்பிவிட்டேன். உன் காதோரம் நரைத்திருக்கிறது. அது உனக்கு அழகாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

உள்ளே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். தாழ்வாரத்தில் போகும்போதே குருவி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, உங்க நகத்துல ஏன் கறுப்பு?" என்றாள். மை என்றேன். "சோப்பு போடலையா?" என்றாள். உன் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

தலைமை ஆசிரியை எல்லாவற்றையும் படித்துவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"அப்பா என்ன வேலை பண்றார் கண்ணு?"

"பஸ் ஓட்டுறார்!"

அம்மையார் சான்றிதழைப் பார்த்தார். அதில் அச்சகத் தொழிலாளி என்று இருக்கிறது. பிறகு என்னைப் பார்த்தார். வழி முழுக்க உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் குழந்தை என்னவோ பெரிய சாதனையைச் சொன்னது போல என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பகல்ல அச்சகம்மா. மத்த நேரம் பஸ்" என்றேன்.

அம்மையார் சான்றிதழை மடித்து வைத்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இந்த ஊர்ல ரெண்டு வேலை பார்க்கிற அப்பாங்க நிறைய பேர் இருக்காங்க. வருஷா வருஷம் பார்க்கிறேன். யாரும் மறுபடி இந்தப் பக்கம் வர்றதில்ல. நீங்களாவது ஆண்டு விழாவுக்கு வாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. மடத்து உடை போட்டவர் ஒருவர் தெரிந்தே ஒரு பொய்யை வாங்கி வைத்துக்கொண்டு, அதைச் சொன்னவனுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்படிக்கு,
நான்தான்

ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

குருவி பள்ளிக்குப் போகிறாள். பிரார்த்தனைப் பாட்டை இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டு, வீட்டில் எங்கள் இருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி மிரட்டுகிறாள். நிற்கிறோம். மை மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள்.

கல்யாணத்தை முடித்துக்கொள்ளச் சட்டம் வரலாமா என்று நாட்டையே கேட்கப் போகிறார்களே, அந்த வாக்கெடுப்புப் பேச்சுதான் இங்கே எல்லா வாயிலும். வேலை முடிந்ததும் நானும் நான்கு பெண்களோடு வீடு வீடாகப் போகிறேன். கதவைத் திறக்காமலே திட்டுகிறவர்கள் உண்டு. திறந்துவிட்டு அழுகிறவர்களும் உண்டு.

நேற்று நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு வயதான அம்மா வந்தார். லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டும் திருப்தி இல்லை. "புத்தகம் படிக்கவாம்மா?" என்றேன். "புத்தகமாவது ஒண்ணாவது. ஓட்டுச் சீட்டுல கட்டம் சின்னதா இருக்குமாம். மாத்திக் குத்திடக் கூடாது பாரு. எங்க வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போயி முப்பது வருஷமாச்சு. இன்னிக்கும் வங்கிக்குப் போனா அவர் கையெழுத்துக் கேக்குறான்" என்றார். அவர் எந்தக் கட்டத்தில் குத்துவார் என்று நான் கேட்கவே இல்லை.

எங்கள் தெருச் சுவரெல்லாம் ஒரு நோட்டீஸ். 'வீடு உடைந்தால் நாடு உடையும், வேண்டாம் என்று குத்துங்கள்' என்று சிவப்பில். கீழே உங்கள் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அச்சு சுத்தமாக இருந்தது. உங்கள் கையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கிழிக்கப் போனவள் கிழிக்காமல் வந்துவிட்டேன்.

உங்கள் வாயாடி

செப்டம்பர் 2

அன்புள்ள உங்களுக்கு,

முடிவைக் கேட்டிருப்பீர்கள். 'வேண்டும்' என்பது மயிரிழையில் ஜெயித்துவிட்டது. தெருவில் பட்டாசுச் சத்தம் கேட்டது. நான் கடையில் ஒருவருக்குக் கண்ணாடியின் காதுக்கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்படத்தான் வேண்டும், பட்டேன். ஆனால் அன்று சோறு இறங்கவில்லை. ஓட்டுநர் கவனித்தார், என் தட்டை எடுத்து மூடி வைத்தார்.

மனுப் போட்டிருக்கிறேன். நவம்பரில் விசாரணை. இரண்டு பேரும் வந்து நீதிபதி முன்னால் சொன்னால் அன்றே முடிந்துவிடுமாம். ஒருவர் வராவிட்டால் வருடக்கணக்கில் இழுக்கும். முடிந்த பிறகு குருவியின் சான்றிதழில் பெயரைத் திருத்தலாம்.

உங்கள் குரு என்ன சொல்வாரோ தெரியாது. வாருங்கள் என்று கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்றும் தெரியாது. கேட்கிறேன்.

வாயாடி

செப்டம்பர் 20

வாயாடிக்கு,

வருகிறேன்.

அந்த நோட்டீஸ் என் கையால் ஓடியதுதான். கூலிக்காக மட்டும் ஓட்டினேன் என்று சொல்லமாட்டேன். நான் வேண்டாம் என்றுதான் குத்தினேன். உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

குரு சொன்னார் என்பதற்காக இல்லை. நீ நம்பவேண்டும். ஓட்டுப் போடும் அந்தச் சின்ன அறைக்குள் நிற்கும்போது குருவும் மதபீடமும் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. நீ போன பிறகு, அந்த ஜன்னல் அட்டையைத் தவிர, உன்னுடையது என்று எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. உன் குரல் இல்லை, உன் சண்டை இல்லை. ஆனால் ஏதோ ஒரு அரசாங்க அலமாரியில் உன் பெயரும் என் பெயரும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதை யாராலும் அழிக்க முடியாது என்று சட்டம் இருந்தது. அந்த ஒரு வரியை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அந்த வரி எனக்குத் துணையாக இருந்தது. உனக்குச் சிறையாக இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளை தன் அப்பா பஸ் ஓட்டுகிறார் என்று சொல்லும்போது ஒருத்தர் காகிதத்தைப் பார்த்துச் சந்தேகப்படக் கூடாது. அதற்காக வருகிறேன்.

தேதியையும் நேரத்தையும் எழுது.

இப்படிக்கு,
நான்தான்

நவம்பர் 27

அன்புள்ள உங்களுக்கு,

நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இல்லை. படிக்கட்டில், தேநீர்க் கடையில், பஸ் நிறுத்தத்தில் எல்லாம் தேடினோம். ஓட்டுநர்தான் முதலில் தேடப் போனார். உங்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மனிதர் அவர்.

"மறுபடி சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்கிறதா?" என்று நீதிபதி கேட்டபோது நான் இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். "அவங்களுக்கு இல்லீங்க ஐயா" என்றீர்கள். "நான் உங்களைக் கேட்கிறேன். உங்க பதிலும் வேணும்" என்றார். நீங்கள் இல்லை என்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் நீங்கள் என்னைப் பார்த்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் பார்க்கவில்லை. அதற்கு நன்றி.

இதுவரை எழுதிய கடிதங்களில் பெரும்பாலும் உங்களிடம் ஏதாவது ஒன்று கேட்டேன். இதில் கேட்க ஒன்றும் இல்லை. உட்கார்ந்ததும் கை தானாக எழுதுகிறது. குருவியின் பள்ளி ஆண்டு விழா ஜனவரியில். அவளுக்கு மரம் வேஷம். பேச்சே இல்லாத வேஷம், அதனால் பெரிய கோபத்தில் இருக்கிறாள். வாருங்கள். மாமா என்ற முறையில் வந்தால் போதும். ஓட்டுநரும் சொல்லச் சொன்னார்.

வாயாடி

டிசம்பர் 11

வாயாடிக்கு,

கொக்கியை மாட்டிவிட்டேன். ஜன்னல் சத்தமில்லாமல் மூடுகிறது. வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது.

நான் வரமாட்டேன். கோபம் இல்லை, வருத்தத்தைச் சொல்லி உன்னைக் கலங்கடிக்கவும் எழுதவில்லை. ஓட்டுநரிடம் சொல், நன்றி எதுவும் பாக்கி இல்லை. குருவியிடம், மாமாவுக்கு அச்சகத்தில் வேலை அதிகம் என்று சொல். அது உண்மைதான், பள்ளிப் பாடநூல்கள் ஓடுகின்றன.

அன்று நீதிமன்றத்திலிருந்து நேராக வழிபாட்டுக் கூடத்துக்குப் போனேன். குரு என்னைப் பார்த்ததும், "மனிதர்கள் போடும் கையெழுத்துக்கு இங்கே மதிப்பில்லை. எங்கள் கணக்கில் அவள் இன்னும் உன் மனைவிதான். இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட ஆள் பிடிக்கிறோம், நீ முன்னால் நிற்க வேண்டும்" என்றார்.

"அவ என் மனைவின்னு நானும் நம்புறேன் சாமி. ஆனா அதுக்கு வக்கீல் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் நம்பிக்கை அப்படித்தான். நீதிபதி சொன்னதால் அது என்னிடமிருந்து போய்விடவில்லை. தினமும் காலையில் பிரார்த்தனையில் உன் பெயர் வருகிறது. வராமல் செய்ய எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது எனக்கும் கடவுளுக்கும் நடுவில் இருக்கிற விஷயம். அதில் பதிவாளருக்கு வேலையில்லை, பள்ளிக்கு வேலையில்லை. உனக்கும் இல்லை.

ஆகவே இனி எழுதமாட்டேன். எழுதினால் மனைவிக்கு எழுதுவது போலத்தான் எழுதுவேன். அதை இன்னொருவர் வீட்டுக் கதவிடுக்கில் அனுப்புவது சரியில்லை.

உன் காதோர நரை உனக்கு அழகாக இருக்கிறது. சாயம் அடிக்காதே.

நான்தான்