மதகு எம்.எல்.ஏ. பென்ஷன்

அக். 28, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மாட்டுக்குத் தவிடு தீர்ந்துவிட்டது. இவருடைய இன்சுலின் வியாழன் வரை வரும்.

ஏரி மதகு மறுபடி ஒழுகுகிறதாம். மணல் மூட்டை அடுக்குகிறார்கள். இவர் எம்.எல்.ஏ.வாக இருந்தபோது கட்டிய மதகு. அதில் கமிஷன் வாங்கித்தான் கேஸ், தண்டனை, ஜெயில் எல்லாம். வெளியே வந்த பிறகும் ஊரில் இவர் பெயர் மதகு எம்.எல்.ஏ. ஒழுகுவது அங்கே, திட்டு விழுவது என் வீட்டு வாசலில்.

நிலமெல்லாம் வக்கீலுக்குப் போயிற்று. மகன் பேசுவதில்லை. முன்னாள் எம்.எல்.ஏ. பென்ஷன் ஒன்றுதான் அடுப்பை எரிய வைக்கிறது.

சாயங்காலம் நஸ்ரீன். பஸ் ஸ்டாப் மளிகைக்கடைக்காரர் மகள், இப்போது வார்டு மெம்பர். தலையில் பிளாஸ்டிக் கவர். வாசலிலேயே நின்றாள்.

"சனிக்கெழம கிராமசபைல ஒரு தீர்மானம் கொண்டாறேன் பெரிம்மா. ஊழல் பண்ணி தண்டன வாங்குனவங்களுக்கு பென்ஷன் தரக்கூடாதுன்னு, கவர்மெண்ட்டுக்கு. முதுகுக்குப் பின்னாடி பண்ணிட்டு அப்பறம் உங்க மூஞ்சில எப்டி முழிக்கிறது? அதான் நேர்ல சொல்ட்டுப் போலாம்னு."

"எழுதும்மா. தப்பில்லாம எழுது" என்றார் இவர், உள்ளேயிருந்து. பழைய மேடைக் குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு டீ கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன். முழுவதையும் குடித்துவிட்டுப் போனாள். பாவம்.

அக். 30, வியாழன்

மழை விட்டிருக்கிறது. உத்திரமேரூர் பஸ்ஸில் கூட்டம். வாங்கியவை: இன்சுலின், தவிடு, கொசுவத்தி. குடை கம்பி மாற்ற மறந்தாயிற்று.

இரண்டு நாளாக இவரோடு பேச்சில்லை. இன்றைக்கு நானே ஆரம்பித்தேன்.

"அந்தப் பொண்ணு சொல்றதுல இன்னா தப்பு கீது? துட்டு வாங்குனது நீ. ஊரு இன்னும் மூட்ட தூக்கிக்கினு கீது. உனுக்கு எதுக்கு பென்ஷனு?"

ஊசிக்குச் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றார். போட்டுவிட்டேன். வேறு யார் போடுவார்கள்.

பதவியில் இருந்தபோது இவர் உத்திரமேரூருக்கு வருகிற மந்திரிகளை எல்லாம் கோயில் சுவரண்டை கூட்டிப்போய்ச் சோழர் காலக் கல்வெட்டைக் காட்டுவார். கணக்குக் காட்டாதவன் மறுபடி பதவிக்கு வர முடியாது, அவன் சொந்தக்காரனும் வர முடியாது, அந்தக் காலத்திலேயே எங்கள் தொகுதியில் இருந்த சட்டம் என்று பெருமை பேசுவார். பக்கத்தில் பட்டுப்புடவையில் நான். பெண்டாட்டியும் அதில் சேர்த்தியா என்று கேட்கத் தோன்றவில்லை அப்போது.

அக். 31, வெள்ளி

கடைக்குப் போன இடத்தில் நஸ்ரீன் தனியாகக் கூப்பிட்டாள்.

"சம்சாரத்துக்கு மட்டும் பாதி தரணும்னு ஒரு வரி சேத்துக்கட்டுமா பெரிம்மா? நீங்க இன்னா பண்ணீங்க?"

"வேணாம்மா. எனுக்கு ஒரு வரி எழுதுனா, நாளைக்கு ஊரே வந்து எனுக்கு ஒரு வரின்னு நிக்கும்."

வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பயமாக இருக்கிறது. ஒற்றை மாட்டுப் பாலை வைத்துக்கொண்டு இரண்டு பேர் எப்படி?

நவ. 1, சனி

வெயில். பள்ளிக்கூட மரத்தடியில் கூட்டம். நஸ்ரீனே இவருக்கு நாற்காலி கொண்டுவந்து முன்னால் போட்டாள். ஜெயிலுக்குப் போனதிலிருந்து இவருக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. நான் பெண்களோடு பின்னால், ஜமுக்காளத்தில்.

குடிதண்ணீர், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை. எல்லாவற்றுக்கும் கைகள் தானாக ஏறி இறங்கின. பிறகு அவள் எழுந்து தன் தீர்மானத்தை வாசித்தாள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் செயலாளர்.

ஒரு கையும் எழவில்லை. வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குப் பின்னால் யாரோ: "அந்தம்மா குந்திக்கினு கீதேடி, எப்டி தூக்கறது?" நஸ்ரீன் முகம் வாடிவிட்டது. எனக்கு நிம்மதி. உண்மை அதுதான்.

அப்போது இவர் கை மேலே போனது.

சிலர் சிரித்தார்கள். பழக்க தோஷம் என்றுதான் நானும் நினைத்தேன். சட்டசபையில் என்ன தீர்மானம் என்றே தெரியாமல் கை தூக்கிவிட்டு, அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்த மனிதர். ஆனால் இறக்கவில்லை. மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு நின்றது. ஒவ்வொரு கையாக எழுந்தது. ஜமுக்காளத்திலும் என்னைச் சுற்றி எல்லாக் கைகளும்.

என் கை மடியிலேயே கிடந்தது. உனக்கு எதுக்குப் பென்ஷன் என்று கேட்டவள்தான். கை வரவில்லை. மனசெல்லாம் இன்சுலின் டப்பாவில் இருந்தது.

நிறைவேறியது என்றார்கள். சென்னைக்குப் போனால் குப்பைக்கூடைக்குத்தான் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "தெரிஞ்சுதான் தூக்கினியா?"

"எத்தினியோ தீர்மானத்துக்குத் தூக்கிக்கீறேன். முழுசா கேட்டுட்டுத் தூக்குனது இது ஒண்ணுதான்."

என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். வீடு தெரிகிற இடத்தில் நின்றார். கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குப் பின்னால் நடந்தது தெரியாது.

"நீயும் தூக்கினியா?"

தூக்கினேன் என்றேன்.