சேற்றில் கிடந்த சீர்க்குடம்

புரட்டாசி கடைசி வெள்ளி, 1968

ஐப்பசி பிறக்கப் போகிறது, வெயில் இன்னும் சித்திரை மாதிரியே காய்கிறது. ஊரே மழைக்கு ஏங்கிக் கிடக்கிறது. ஊருணி வற்றிவிட்டது. நடுவில் ஊற்றுத் தோண்டித்தான் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறோம்.

இன்று சாயங்காலம் தண்ணீருக்குப் போனபோது சேற்றில் ஒரு பித்தளைக் குடம் தெரிந்தது. கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது. துடைத்துப் பார்த்தேன். விசாலாட்சி. இந்த வீட்டு மூத்த மருமகள். அவள் பிறந்த வீட்டுச் சீர்க்குடம். நான் இங்கே வாழ்க்கைப்படும் முன்பே அவள் யாரோடோ ஓடிப்போனாளாம், குடத்தையும் தூக்கிக்கொண்டு போனாளாம். அத்தை சொன்னதுதான்.

எடுக்கக் கை வரவில்லை. சேற்றை இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

அத்தையிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"யாரும் பாத்தாகளா?"

"இல்லை அத்தை."

"குடம் மட்டுந்தான் கெடந்துச்சா?"

"என்ன அத்தை, இப்படிக் கேக்குறீக?"

அத்தை எழுந்து முற்றத்துக்குப் போய் வானத்தைப் பார்த்தார்கள். "ஐப்பசி மழை விழுந்துட்டா ஊருணி நெறைஞ்சுரும். நீ போயி உலை வையி."

உலை வைத்தேன். எல்லாரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

இப்போது தெற்கே மின்னுகிறது. சீக்கிரம் பெய்யட்டும் என்று நானும்தான் கும்பிட்டேன். அத்தை கும்பிட்டதும் இதைத்தான்.

இத்தனை வருஷமாக இந்த வீட்டில் குடித்தது அந்த ஊருணித் தண்ணீர்.

தொண்டை வறள்கிறது. தண்ணீர்ப் பானை பக்கத்திலேதான் இருக்கிறது. எழுந்து போக முடியவில்லை.