மில்லிக்கன் வீட்டின் முதல் உரிமை

ஜனவரி 9, வியாழன்

நூலகத்தில் பெப்ரவரிக் காட்சிப் பலகை இம்முறையும் என் தலையில்தான். கறுப்பின வரலாற்று மாதம் என்றால் வழக்கமான நாலு படங்களை ஒட்டிவிட்டுப் போவோம். இந்த வருடம் மாட்டேன். அன்ரனி ஜோன்சனைப் போடப்போகிறேன். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, விடுதலையாகி, 1651இல் வேர்ஜீனியாவில் இருநூற்றைம்பது ஏக்கருக்குக் காணிக்காரர் ஆனவர். ஐந்து பேரை நாட்டுக்குள் எடுத்ததற்குத் தலைக்கு ஐம்பது ஏக்கராம். சீமோன் அண்ணையையும் குடும்பத்தையும் ஸ்பொன்சர் பண்ணி இந்த நாட்டுக்கு எடுத்த எனக்கு மார்க்கம் நகரில் பாதி வரவேண்டும்!

ஜனவரி 12, ஞாயிறு

கிளிபோட் போன் எடுத்தார். மில்லிக்கனில் அம்மாவின் வீட்டுப் பேஸ்மென்ற்றில் பதினொரு வருடமாக வாடகைக்கு இருப்பவர், பஸ் மெக்கானிக். அம்மா இறந்து ஒரு வருடமாகிறது, வீட்டை விற்கப்போகிறீர்களா என்று கேட்டார். விற்றால் தானே வாங்குவாராம், மற்றவர்கள் தரும் விலைக்கே.

அவருடைய ஆட்கள், விடுதலையான கறுப்பர்கள், இந்த நாட்டின் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்தது 1783இல். தலைமுறை தலைமுறையாக இருந்த காணிக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. அவருடைய அப்பா அப்படி ஒன்றைப் பார்க்காமலே இறந்துவிட்டாராம். “என் பெயரில் ஓர் உறுதி வேண்டும், எமில்டா,” என்றார். அண்ணையைக் கேட்காமலே ஓம் என்றுவிட்டேன். வீடு இப்போது என் பெயரிலும் அண்ணை பெயரிலும் இருக்கிறது. அவரும் கையெழுத்துப் போடவேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

அண்ணைக்குச் சொன்னேன்.

“கறுவலுக்கோ? உனக்கென்ன விசரே? அம்மான்ர வீட்டைப் பிறத்தியாருக்குக் குடுக்கேலாது. எங்கட சொந்தக்காரப் பெடியன் ராகுலன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.”

எங்கட ராகுலன் அதை எட்டு அறையாகத் தடுத்து வாடகைக்கு விடுவான். அது அண்ணைக்குப் பரவாயில்லை. ஆனால் கிளிபோட் பிறத்தி! அவருடைய ஆட்கள் வந்து இருநூற்று நாற்பது வருடம். அண்ணை வந்திறங்கியது தொண்ணூற்றிரண்டில், நான் வாங்கிக்கொண்டுபோன ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு. ஆர் பிறத்தி? ஆர்?

ஜனவரி 15

கோபம் இன்னும் இறங்கவில்லை. மீன்குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

ஜோன்சனின் முடிவை இன்று வாசித்தேன். ஐம்பது வருடமளவில் அமெரிக்கக் கரையில் வாழ்ந்தவர். 1670இல் அவர் இறந்ததும் வேர்ஜீனியாவில் ஒரு ஜூரி கூடித் தீர்ப்புச் சொன்னது: அவர் கறுப்பர், ஆகவே அந்நியர். காணி அவர் பிள்ளைகளுக்கு இல்லை.

ஆகவே! அண்ணை சொல்லாமல் சொன்னதும் அந்தச் சொல்தான்: கறுவல், ஆகவே பிறத்தி.

ஆனால் ஜோன்சனும் சுத்தமில்லை. இன்னொரு கறுப்பரை ஆயுள் முழுக்கத் தன் வேலையாளாக வைத்திருக்க வழக்காடி வென்றிருக்கிறார். அதை விட்டுவிடு, பெப்ரவரிக்குச் சரிவராது என்கிறாள் கூட வேலைசெய்யும் றெபேக்கா. விடமாட்டேன். இரண்டும் பலகையில் வரும்.

நான் மட்டும் சுத்தமா? வாடகைக்காரர் பக்கக் கதவால்தான் வரவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். பேஸ்மென்ற்றிலிருந்து மேலே ஏறும் உள்படிக் கதவையும் பூட்டியே வைத்திருந்தார். பதினொரு வருடமாக முன்வாசலில் பனி வழித்தது கிளிபோட். அந்த வாசலால் ஒரு நாளும் அவர் உள்ளே வந்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

பெப்ரவரி 1, சனி

தேவாலயத்தில் அம்மாவின் முதலாம் ஆண்டுப் பூசை. பிறகு மண்டபத்தில் சாப்பாடு. அண்ணை வேண்டுமென்றே எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “தேசவழமைப்படி பங்காளிக்குத்தான் முதல் உரிமை. என்னை விட்டிட்டுப் பிறத்தியாருக்கு விக்கேலாது.”

ஸ்காபரோவில் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம்! சனமும் தலையாட்டியது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு புத்தி வந்தது. யாழ்ப்பாணத்தில் உறுதி எழுதும் நொத்தாரிசாக இருந்த செல்வரட்ணம் அங்கிள் பக்கத்தில்தான் இருந்தார்.

“அங்கிள், அந்த வழமையில தவணை எவ்வளவு?”

“எழுத்தில அறிவிக்கோணும், பிள்ளை. ஒரே ஊரில இருக்கிற பங்காளிக்கு ஒரு மாசம். அதுக்குள்ள வாங்காட்டி, பிறகு அவர் மறிக்கேலாது.”

பூசைத் தாளின் பின்பக்கத்தில் அங்கேயே எழுதினேன்: என் பாதியைக் கிளிபோட் தரும் விலைக்கு முதலில் உங்களுக்கே தருகிறேன், மார்ச் முதலாம் திகதி வரை. அங்கிளைச் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்தேன்.

“இந்தாங்கோ அண்ணை, உங்கட உரிமை. வாங்குங்கோ. வாங்காட்டி கிளிபோட்டுக்குக் கையெழுத்துப் போடுவன் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ.”

மண்டபம் முழுக்க அவரையே பார்த்தது. வழமை பேசிய வாயால் வேறென்ன சொல்ல முடியும்? “சரி,” என்றார்.

நான் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 4

பலகை ஏறிவிட்டது.

பெப்ரவரி 20, வியாழன்

அண்ணையின் மனைவி பேர்ணடெற் மச்சாள் போனில். “கொஞ்சம் விட்டுக்குடும். அவர் ஒழுங்காச் சாப்பிடுறேல்லை.” அப்படியென்றால் ஊட்டிவிடுங்கோ என்றேன்.

மார்ச் 1, சனி

தவணை முடிந்தது. அண்ணை வாங்கவில்லை. வாங்கும் எண்ணம் என்றைக்கு இருந்தது?

மார்ச் 6, வியாழன்

அண்ணை லோயரிடம் கையெழுத்துப் போட்டார். கார் பார்க்கிங்கில் திரும்பி நின்று, “இனி உனக்கு அண்ணன் இல்லை,” என்றார். காருக்குள் இருந்து நல்லாக அழுதேன். சரி, அழுதால் என்ன? திரும்பக் கேட்டாலும் இதையேதான் செய்வன். செய்வன்தான்.

ஏப்ரல் 30, புதன்

வீடு இன்று கிளிபோட் பெயருக்கு மாறியது. மாலை அம்மாவின் மாதா சுரூபத்தை எடுக்கப் போனேன். அந்தக் கதவைத் திறக்க என்னிடம் இனித் திறப்பு இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த முன்வாசல் மணியை அடித்தேன்.

கிளிபோட் பக்கக் கதவைத் திறந்துகொண்டு, வீட்டைச் சுற்றி ஓடிவந்தார். பழக்கதோஷம். இருவரும் முன்வாசலுக்கு வெளியே நின்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் போய், உள்படியால் ஏறி, முன்கதவை உள்ளிருந்து திறந்தார்.

“வாங்கோ,” என்றார்.

தமிழில். பதினொரு வருடமாகக் கீழேயிருந்து கேட்ட சொல். அம்மா இந்த வாசலில் எல்லாருக்கும் சொல்வார். கிளிபோட்டுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.