யேரோ சிரிச்சுக்கிட்டேதான் போனான்

மகனே ரஸ்மானே, உன் உடம்பு எப்படி, உன் வேலை எப்படி, வெல்டிங் நெருப்பு பாக்கற உன் கண்ணு எப்படி, அந்த ஊரு கடல் ஈரம் உன் நெஞ்சுல தங்காம இருக்கா, நீ குடியிருக்கற முற்றத்துல எல்லாரும் நல்லா தூங்கி எழுந்திருக்காங்களா. இங்க நானும் உன் அம்மாவும் காலையில எழுந்திருக்கறோம் சாயங்காலம் படுக்கறோம், அந்த அளவுக்கு நல்லா இருக்கோம், அதுக்கு மேல எழுதினா பொய்யாயிடும். உன் அம்மா முழங்கால் வலி குறைஞ்சிருக்கு ஆனா குறைஞ்சதை ஒத்துக்க மாட்டேங்கறா, ஒத்துக்கிட்டா தண்ணி எடுக்கப் போகணும்ல. இப்ப என் தோள்கிட்ட உக்காந்துக்கிட்டு நான் என்ன எழுதறேன்னு பாக்கறா, அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால அவளைப் பத்தி என்ன வேணா எழுதலாம். போன வாரம் கம்பங்களி கிண்டி அடி பிடிக்க விட்டா, கேட்டா எனக்குப் பல்லு இல்லாததுக்கு அதுவே ஜாஸ்தின்னு சொல்றா. செவலை ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. கம்பு சுமாரா விளைஞ்சுது, வெங்காயம் நல்லா வந்திருக்கு.

செல்போன் டவரை எரிச்சதுல இருந்து உன் குரலைக் கேக்கல, அதான் இந்த மூணாம் வகுப்புக் கையால எழுதி இஸ்ஸாக்காவோட வெங்காய லாரியில குடுத்தனுப்பறேன். முதல்ல நீ மட்டும் படி. உன் அறையில இருக்கற பெல்கோ பக்கத்துல இருந்தா அவன் வேலை பாக்கற டீக்கடைக்கே அவனைத் திருப்பி அனுப்பிட்டுப் படி. யேரோ செத்துட்டான்டா. பெல்கோவோட அப்பன் யேரோ. இன்னைக்கோட பத்தொம்பது நாளாச்சு. நோவு வந்து சாகல, வயசாகியும் சாகல. என் வாயால செத்தான். எழுதிட்டேன். இந்த ஒரு வரியை எழுத ரெண்டு நாளாச்சு, மீதி எல்லாம் வேகமா வந்துடும்.

உனக்குத் தெரிஞ்ச கதையைத்தான் எழுதப் போறேன், திட்டாத, எழுதிப் பாத்தாத்தான் எங்க தப்புப் பண்ணேன்னு எனக்கே புரியும். நாம கொல்லங்க, அவங்க மாடு மேய்க்கற ஃபுலானிங்க, இந்த யாத்தெங்கா நாட்டுல கொல்லனும் ஃபுலானியும் ஒருத்தன் ரத்தத்தை ஒருத்தன் பாக்கக் கூடாது, ஒருத்தன் வீட்டுல ஒருத்தன் பொண்ணெடுக்கக் கூடாது, மத்தபடி எவ்வளவு வேணா திட்டிக்கலாம், கோவப்படறவன்தான் தோத்தவன். அறுப்பு முடிஞ்சு நம்ம ராஜா நாபாவைக் கும்பிடப் போற நாள்ல நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கறதைப் பாக்கவே பாதி ஊரு வரும். முதல் நாபா தெற்க இருந்து குதிரையில வந்தாரு, குதிரைக்குக் கடிவாளம் இல்ல, எங்க பாட்டன் இரும்புல கடிவாளம் அடிச்சுப் போட்டான், குதிரை நின்னுச்சு, குதிரை நின்ன இடம்தான் நாடாச்சு, இல்லேன்னா ராஜா குதிரையோட ஓடிப்போயி மணல்காட்டுல விழுந்திருப்பாருன்னு நான் சொல்லுவேன். யேரோ எழுந்து நிப்பான், ஒரு காலைத் தூக்கி இன்னொரு முழங்கால்ல வச்சுக்கிட்டு, தடியைத் தோள்ல குறுக்கப் போட்டுக்கிட்டு. இந்தக் கரிச்சட்டி சொல்றதை நம்பாதீங்க, ராஜா தாகத்துல மயங்கி விழுந்தாரு, எங்க பாட்டன் பால் குடுத்தான், குடிச்சுட்டு நல்லாத் தூங்கினாரு, எழுந்து இதுதான் என் நாடுன்னாரு, பால் இல்லேன்னா நாடே இல்லம்பான். மண்ணுக்குச் சொந்தக்காரங்க ஓரமா உக்காந்து, நீங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு முன்னாடி நாங்க இங்கதான்டா இருந்தோம், உங்க ராஜா இன்னைக்கும் எங்களைக் கேக்காம ஒரு குழி தோண்ட முடியாதும்பாங்க. நாபா சிவப்புக் குல்லாவைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாரு. இப்படித்தான்டா நாம இத்தனை சாதியும் ஒரே கிணத்துத் தண்ணி குடிச்சோம்.

அந்த உலைக் கதையையும் எழுதிடறேன். எந்தக் காலத்துலயோ குதிரைக்காரங்க யேரோவோட பாட்டனைத் துரத்தி வந்தப்ப நம்ம பாட்டன் அவனை ஆறின உலைக்குள்ள தள்ளி மேல கரியைக் கொட்டி மறைச்சான். உள்ள எவன் இருக்கான்னு கேட்டாங்க. எவனும் இல்ல, என் திருட்டு அடிமை ஒருத்தனைச் சுட வச்சிருக்கேன், வேணும்னா எடுத்துட்டுப் போங்கன்னான். அவங்க சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு ஆரம்பிச்ச திட்டுதான் இது. எங்க அப்பா செத்தப்ப யேரோ அவரோட தோல் கச்சையைக் கட்டிக்கிட்டு வந்து கம்பந்தட்டையால பட்டறைக்கல்லைத் தட்டி அவரு மாதிரியே இருமிக் காமிச்சான், எங்க அம்மா அழுதுக்கிட்டே சிரிச்சா, அப்பறம் குழிக்குள்ள போயிப் படுத்துக்கிட்டு ஒரு கோழி குடுத்தாத்தான் எழுந்திருப்பேன்னு அடம் பிடிச்சான். அப்படி வந்து சிரிக்க வைக்கலேன்னா செத்தவன் முழுசா போகமாட்டான்னு உனக்குத் தெரியும்.

இப்ப சந்தை நாளுக்கு வர்றேன். புதர்ல துப்பாக்கியோட திரியறவங்க பக்கத்து ஊர்ல ஆள்களைக் கொன்னதுல இருந்து, காவலுக்குன்னு வேற ஜில்லாவுல இருந்து சில பசங்க வந்து சந்தை வாசல்ல நிக்கறாங்க. புதர்ல இருக்கறவங்கள்ல கொஞ்சம் பேரு ஃபுலானிங்களாம், அதனால எந்த ஃபுலானியப் பாத்தாலும் அந்தப் பசங்களுக்குக் கண்ணு சிவக்குது. அன்னைக்கு உச்சி வெயில், யேரோ வெண்ணெய்க் குடுக்கையோட வந்திருக்கான், அடையாள அட்டை கேட்டிருக்காங்க, அவன் அதை மழையில நனைய விட்டு எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. அந்த நேரம் பாத்து நான் கழுதை வண்டியில மண்வெட்டிங்களை ஏத்திக்கிட்டு வர்றேன். என்னைப் பாத்ததும் அவன் மூஞ்சி மலர்ந்து போச்சுடா. அதோ என் அடிமை வர்றான், அவனைக் கேளுங்க, நான் யாருன்னு அவன் சொல்லுவான்னு கத்தினான். இவன் அறுபது வருஷமா எங்க ஊருக்காரன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நான் என்ன சொன்னேன் தெரியுமா. எவன்டா இந்த நெட்டைக்கொக்கு, எனக்குத் தெரியாதே, ஓ இவனா, மாட்டுத் திருடனாச்சே, ஊரு மாட்டையெல்லாம் இவன்தான் புதருக்கு ஓட்டிக்கிட்டுப் போறான், நல்லா இறுக்கிக் கட்டுங்க, எனக்கு ஒரு காளை குடுக்கற வரைக்கும் விடாதீங்கன்னேன்.

நம்ம ஊருக்காரங்க சிரிச்சாங்க. யேரோவும் சிரிச்சான், இருக்கற ஏழு பல்லையும் காட்டிச் சிரிச்சான். ஆமா ஆமா நான்தான் திருடினேன், இந்தக் கரிச்சட்டியோட பாட்டனையும் நான்தான் திருடி வித்தேன், யாரும் வாங்கல, திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டேன்னான். அந்தப் பசங்க சிரிக்கல. அவங்க ஊர்ல இந்தப் பழக்கம் இல்லையோ, இருந்தும் மறந்துட்டாங்களோ. அவனே ஒத்துக்கறான்னு ஒருத்தன் இன்னொருத்தன்கிட்டச் சொன்னான். மோட்டார் சைக்கிள்ல நடுவுல உக்கார வச்சாங்க. எனக்கு அப்பவும் புரியலடா, பசங்களும் விளையாட்டுல சேந்துக்கிட்டாங்க, ஆலமரத்தைச் சுத்திட்டுக் கொண்டாந்து விடுவாங்கன்னு நெனச்சேன். போகும்போது யேரோ தலையைத் திருப்பி, உன் காளை வருதுடா காத்திருடான்னான். நான் கையை ஆட்டினேன். அப்பறம் சந்தைக்குள்ள போயி மூணு மண்வெட்டி வித்தேன். கோலாக் கொட்டை வாங்கி மென்னுக்கிட்டு வித்தேன்.

அவன் பொண்டாட்டி டிக்கோரே வெறும் குடுக்கையைத் தூக்கிக்கிட்டு என் முன்னாடி வந்து நின்னு, அவரு எங்கேன்னு கேட்டப்பதான் அந்தப் பசங்க விளையாடலன்னு எனக்கு உறைச்சுது. வீட்டுக்கு ஓடி எங்க அப்பாவோட சுத்தியலை எடுத்துக்கிட்டு அந்தப் பசங்க தங்கியிருக்கற பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சுத்தியலைத் தரையில வச்சு மண்டியிட்டேன். ஒரு கொல்லன் அப்படி மண்டியிட்டா சண்டைக்குப் போற ராஜாகூட குதிரையை விட்டு இறங்கணும், அது இந்த நாட்டுச் சட்டம். அவங்க தலைவன் உன் வயசுகூட இருக்காது, என் தோளைப் பிடிச்சுத் தூக்கி, எழுந்திருங்க தாத்தா, கால்சட்டை அழுக்காகுதுன்னான். கெட்ட பையன்னு சொல்ல முடியல. அது விளையாட்டுப் பேச்சுப்பா, எங்க பாட்டன் காலத்து உறவுப்பான்னேன். இந்த மாதிரி நேரத்துல யாராவது விளையாடுவாங்களா தாத்தான்னு கேட்டான். நாபாவே குல்லாவோட நடந்து வந்தாரு. அவருக்கு நாற்காலி போட்டாங்க, தண்ணி குடுத்தாங்க, யேரோவைக் குடுக்கல, அவனை வேற இடத்துக்கு அனுப்பிட்டோம்னாங்க. மூணாம் நாள் வத்திப்போன குளத்துப் பக்கம் மாடு மேய்க்கப் போனவங்க அவனைப் பாத்தாங்க. அங்கேயே அவசரமா அடக்கம் பண்ணிட்டாங்க, எனக்குச் சொல்லி விடல.

ஏழாம் நாள் நான் போனேன். உன் அம்மா போகாத போகாதன்னு என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. நான் போகலேன்னா அவனுக்கு யாரு போவாங்க சொல்லு. அவனை மாதிரியே கூம்புத் தொப்பி போட்டுக்கிட்டேன், தடியைத் தோள்ல குறுக்கப் போட்டுக்கிட்டேன், கன்னுக்குட்டிக் கயித்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டேன், அவன் வாசல்ல போயி ஒத்தைக் கால்ல நின்னு, அவன் மாட்டைக் கூப்பிடற மாதிரி நாக்கைச் சுழட்டிக் கூப்பிட்டேன். அங்க இருந்தவங்க எல்லாம் தரையைப் பாத்தாங்க. டிக்கோரே எழுந்து வந்தா. இவ என்னை என்னல்லாம் திட்டுவா தெரியும்ல, நாப்பது வருஷத்துல ஒரு நாளாவது என் பேரைச் சொல்லியிருப்பாளா, உலைமூஞ்சி வந்துட்டான் பால் திரிஞ்சுடும் மூடி வைங்கடின்னுதானே சொல்லுவா. குடுக்கையால அடிப்பா, மூஞ்சியில துப்புவா, எதுவா இருந்தாலும் வாங்கிக்கணும்னு நின்னேன். அவ பாயை விரிச்சா. ரெண்டு கையாலயும் தண்ணி கொண்டாந்து குடுத்தா. வாங்க பெரியவரே, உக்காருங்க, வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா, வெயில்ல சிரமப்பட்டு வந்திருக்கீங்கன்னா.

பெரியவரேன்னா, ரஸ்மானே. ஒரு அந்நியனுக்குக் குடுக்கற மரியாதை எல்லாம் குடுத்தா, ஒண்ணுகூடக் குறைக்கல. நான் தண்ணியைக் குடிச்சேன், தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டேன். மறுநா அவங்க தெருவுல இருந்த பதினோரு வீடும் சாமானை வண்டியில ஏத்திக்கிட்டு நகரத்துப் பக்கம் அகதிங்களுக்குப் போட்ட கூடாரத்துக்குப் போயிட்டாங்க. டிக்கோரே வண்டி அச்சு தேஞ்சிருந்துச்சு, நான் போயித் தட்டிக் குடுத்தேன், ரொம்ப நன்றிங்கன்னா. இப்ப அந்தத் தெருவுல சாணி வாசனைகூடப் போயிடுச்சு. உன் அம்மா காலையில பாலுக்குச் சொம்பை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டுப் பாதி வழியில திரும்பி வர்றா, எதுக்குப் போனேன்னு கேட்டா முழங்காலுக்கு நடக்கறேங்கறா. நான் பட்டறையில உக்கார்றேன், யார்கிட்டயும் வாயைத் திறக்கறதில்ல. வாங்க வர்றவங்க கிழவனுக்குச் செவிடாயிடுச்சுன்னு நெனக்கறாங்க, நெனச்சுக்கட்டும்.

புதர்க்காரங்க கொன்னுட்டாங்கன்னு எழுதிடுங்க, நம்ம பையனும் பெல்கோவும் ஒரே அறையில ஒரே தட்டுல சாப்பிடறாங்க, அதை எதுக்கு உடைக்கறீங்கன்னு உன் அம்மா சொன்னா. யோசிச்சேன், நிஜமாவே யோசிச்சேன், ஒரு தாள்ல அப்படியே எழுதிகூடப் பாத்தேன், அழகா வந்துச்சு, அதான் கிழிச்சுப் போட்டேன். என் வாய் ஒரு தடவை பொய் சொல்லித்தான் அவன் போனான், கையாலயும் சொல்லணுமா. அதனால இதை நீதான் பெல்கோவுக்கு வாசிச்சுக் காட்டணும். பகல்ல வாசி, அவன் சாப்பிட்ட பிறகு வாசி. என் வரியை நீ திருத்தி நல்லதா சொல்லாத, எப்படி இருக்கோ அப்படியே சொல்லு. அவன் உன்னை அடிச்சா வாங்கிக்க, அது எனக்கு வந்த அடி. அறையை விட்டுப் போறேன்னா நல்ல பாயை அவன்கிட்டக் குடுத்துடு, பின்னாலயே போயிப் பழைய உறவு பழைய சத்தியம்னு எதையும் சொல்லிக் கெஞ்சாத, அந்தச் சத்தியத்தை முறிச்சது நாம. அவன் அம்மா நகரத்துல கூடாரத்துல இருக்கான்னு சொல்லு, அவ உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு.

அல்லா உனக்கு நிழலையும் குளிர்ந்த தண்ணியையும் குடுக்கட்டும், உன் கையில இருக்கற நெருப்பு உன்னைச் சுடாம இருக்கட்டும், பெல்கோவுக்கு அவன் அப்பனுக்குக் கிடைக்காத நீள ஆயுசைக் குடுக்கட்டும். அடையாள அட்டையை பிளாஸ்டிக் பையில போட்டுச் சட்டைக்குள்ள வச்சுக்க, மழையில நனைய விடாத, துப்பாக்கி வச்சிருக்கறவன் முன்னாடி எவன்கிட்டயும் கேலி பேசாத. இஸ்ஸாக்கா மூட்டையை இறக்க ரெண்டு நாளாகும், அதுக்குள்ள பதில் எழுதி அவன்கிட்டயே குடுத்தனுப்பு. பெல்கோ என்னைத் திட்டினான்னா, என்ன திட்டினானோ அப்படியே எழுது, அப்பனாச்சேன்னு ஒரு வார்த்தைகூடக் குறைக்காத, என் குலத்தையே இழுத்துத் திட்டினாலும் எழுது, உன் அம்மாவுக்குத் தெரியாம நான் பத்து தடவை படிப்பேன். பெரியவருக்கு சலாம் சொல்லுன்னு சொன்னான்னா அதை மட்டும் எழுதாத, லாரியை வெறுங்கையா அனுப்பு, நான் புரிஞ்சுக்கறேன்.

இப்படிக்கு
உன்னைப் பெத்தவன்
கொல்லன் தாசெரே
லிகுரே ஊரு, வெங்காயக் கொல்லைப் பக்கம்