உனக்குக் கொழுப்பு

செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளை

அன்புத் தம்பி முசுடுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மா, அத்தான், நான் மூவரும் சுகம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதிவிட்டு மற்றதைத் தொடங்குவதுதான் முறை. அப்படி எழுத முடியவில்லை என்பதால்தான் இந்தக் கடிதமே. கிழித்துப் போடாமல் கடைசி வரி வரைக்கும் படி.

என் நம்பரை நீ தடுத்து வைத்து மூன்று வாரம் ஆகிறது. அத்தான் நம்பரையும் தடுத்திருக்கிறாய், அந்த மனுஷன் உனக்கு என்ன கெடுதல் செய்தார்? அம்மாவிடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாய். ஃபோனை அக்காவிடம் கொடுக்கட்டுமா என்று அவள் கேட்டவுடனே, லிஃப்ட் ரிப்பேர் வேலை நல்ல சாக்கு, எங்கோ ஒரு லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துவிடுகிறாய். அந்த ஊர் லிஃப்டுகளுக்கு என் குரல் என்றால் அவ்வளவு பயமா?

நீ ஏன் இப்படிப் பண்ணுகிறாய் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். போன வியாழக்கிழமைதான் உறைத்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் ஈரல் ஆராய்ச்சிப் பிரிவில் நான் பார்க்கும் வேலை உனக்குத் தெரியும். வருகிறவர்களிடம் அச்சடித்த கேள்விகளைக் கேட்டுப் பதிலைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அன்று வந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். உங்களுக்குக் கொழுப்பு இருப்பதாக இதற்கு முன் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டேன். மனுஷன் கொஞ்சமும் யோசிக்காமல், "தெனமும் சொல்றாங்களே, என் மாமியார்" என்றார். அறையே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உனக்கு நான் அனுப்பிய மெசேஜ் ஞாபகம் வந்து, அப்படியே அடங்கிப்போனேன்.

எடுத்துப் படித்துப் பார்த்தேன். "உனக்குக் கொழுப்பு ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு. டாக்டரே சொல்லிட்டாங்க. ஒழுங்கா கிளம்பி வந்து சேரு." அப்பா படத்தைக் கூடத்தில் மாட்டக் கூடாது என்று நீ கத்திவிட்டு, சாப்பிடாமல் ரயில் ஏறிப் போன மறு வாரம் இது வந்தால் எவன்தான் ரோஷப்படாமல் இருப்பான்? உன் டாக்டருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு என்று நீ பதில் போட்டதைப் பார்த்து நான் வேறு பதிலுக்குக் கொதித்துக்கொண்டிருந்தேன். டேய், நான் உன் திமிரைச் சொல்லவில்லை. உன் ஈரலைச் சொன்னேன்.

நீ லீவில் வந்தபோது உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன் அல்லவா? நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆட்கள் வேண்டும், ஆள் கிடைக்காமல் திண்டாடினோம். நம் வீட்டு ஒட்டடைக்குச்சி இருக்கிறானே, அவனை விட ஆரோக்கியமானவன் யார் என்று உன்னைப் பெருமையாகப் படுக்க வைத்தேன். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, விலா எலும்புக்கு நடுவில் கருவியை வைத்து விரலால் சுண்டுவது போலத் தட்டினார்களே, அதுதான் ஈரலின் விறைப்பை அளப்பது. ஈரல் மெத்தென்று இருக்க வேண்டும். உன்னுடையதில் கொழுப்பு படிந்து, அது மட்டும் போதாதென்று, இறுகவும் ஆரம்பித்திருக்கிறது என்று முடிவு வந்தது. உன் ஃபோனுக்கு அடித்துப் பார்த்துக் கிடைக்காமல்தான் டாக்டரம்மா, நீ எழுதிக் கொடுத்த அவசரத் தொடர்பு என்று என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னபோது எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. அந்த நடுக்கத்தில் தட்டியதுதான் அந்த மூன்று வரி. எனக்கு எழுதத் தெரியவில்லை என்று வேண்டுமானால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அப்பா போனதிலிருந்து ஈரல் என்ற சொல்லைக் கேட்டால் அம்மாவின் முகம் எப்படிப் போகும் என்று உனக்கே தெரியும். அவளிடம் மூச்சு விடவில்லை. நீ ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு வா. மறுபடி ஒரு தடவை அளந்து, ரத்தம் எடுத்து, தேவைப்பட்டால் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பார்களாம். மேலதிகாரி முறைத்தால் டாக்டரம்மாவிடம் கடிதம் வாங்கி அனுப்புகிறேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். டப்பாவைத் திறக்கவே இல்லை. உடனே பதில் போடு.

நீ திட்டினாலும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா


சனிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் மூன்று வரிக் கடிதம் கிடைத்தது. கோபம் போய்விட்டது என்று முதல் வரியில் எழுதியிருந்ததைப் படித்து உட்கார்ந்தேன். மற்ற இரண்டு வரியைப் படித்து எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டேதான் இருக்கிறேன். தரை தேயப்போகிறது என்கிறார் அத்தான்.

ரிப்போர்ட் ஆள் மாறியிருக்கும், போய்ப் பார் என்று எழுதியிருக்கிறாய். போய்ப் பார்த்தேன். மாறவில்லை. உன் பெயர், உன் பிறந்த தேதி, நீ போட்ட அந்தக் கோணல் கையெழுத்து எல்லாம் இருக்கிறது. அதோடு விடாமல் நானும் அதே படுக்கையில் படுத்து அளந்துகொண்டேன். எனக்கும் கொழுப்பு படிந்திருக்கிறது, ஆனால் இறுக்கம் இல்லை. இதைக் கண்டுபிடிக்க இத்தனை விலையில் ஒரு மெஷினா, என்னைக் கேட்டிருந்தால் கல்யாணமான மறுநாளே சொல்லியிருப்பேனே என்று அத்தான் சொன்னார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, பாவம், பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த வரிக்கு வருகிறேன். "டீயைத் தவிர நான் எதையும் தொட்டதில்லை, அப்பாவுக்கு வந்தது எனக்கு எப்படி வரும்?" நீ தொட்டதில்லை என்று எனக்குத் தெரியும். தொடாதவர்களுக்கும் வருகிறதடா. எங்கள் பிரிவில் படுத்து எழுகிறவர்களில் பாதிப் பேர் தொடாதவர்கள். சர்க்கரை, எடை, உடம்பு சத்தை எப்படிச் செலவழிக்கிறது என்பது, பிறப்பிலேயே வரும் கூறு என்று பல காரணம் சொல்கிறார்கள். ஒல்லியாக இருப்பவர்களையும் விடுவதில்லை. முன்பு இந்த நோயின் பெயரிலேயே குடி என்ற பேச்சு இருந்ததாம், குடியால் வராதது என்று. சமீபத்தில் பல நாட்டு டாக்டர்கள் கூடிப் பேசி, நோயாளியைக் கூனிக் குறுக வைக்கிறது என்று அந்தப் பெயரையே எடுத்துவிட்டார்கள். இதற்கென்று புது மருந்துகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. இந்த அளவில் பிடித்துவிட்டால் இறுக்கத்தைக்கூடத் தளர்த்த முடியலாம் என்கிறார் டாக்டரம்மா. முடியும் என்று அடித்துச் சொல்லவில்லை, முடியலாம் என்றுதான் சொன்னார். நான் அதை மாற்றி எழுத மாட்டேன்.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அளப்பதற்கு முன் என்னிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். குடும்பத்தில் யாருக்காவது ஈரல் நோய் உண்டா? அப்பாவுக்கு என்றேன். காரணம்? குடி என்றேன். எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வாய்க்குள் தயாராக இருந்தது. டாக்டரம்மா பக்கத்தில்தான் நின்றார். அவர் குடித்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன். தம்பி, நீ பார்த்திருக்கிறாயா? ஒரு பாட்டில்? ஒரு கிளாஸ்? அவரோடு சேர்ந்து குடித்ததாகச் சொன்ன ஒரே ஒரு ஆளாவது?

பார்க்காமல் எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தான் ஓட்டிய ரொட்டிக் கம்பெனி வேனைத் தெருவோரக் கம்பத்தில் இடித்தார். தினமும் போகும் வழியை மறந்து எங்கேயோ நின்றார். பகலெல்லாம் தூங்கினார், நாக்கு குழறியது, டம்ளரைப் பிடித்தால் கை படபடவென்று அடித்துக்கொண்டது. முதலாளி எல்லோர் முன்னாலும் சாவியைப் பிடுங்கி, தெளிந்த பிறகு வா என்று அனுப்பினார். எல்லாவற்றுக்கும் மேலே, வாயில் வாசம் வந்தது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, என்ன மாதிரி வாசம் என்று கேட்டார். இனிப்பாக, அழுகின பழம் மாதிரி என்றேன்.

ஈரல் முழுக்கக் கைவிடும்போது ரத்தத்தில் விஷம் தேங்கி மூளையைக் கலக்கும், அப்போது தள்ளாட்டமும் மறதியும் குழறலும் வரும், மூச்சில் அந்த வாடையும் வரும் என்றார். பார்க்கிறவர்களுக்குக் குடி மாதிரியே தெரியுமாம். அப்படியானால் எங்கள் அப்பா குடிக்கவில்லையா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இத்தனை வருஷம் கழிச்சு அதை யாராலும் நிச்சயமா சொல்ல முடியாதும்மா. ஆனா குடிச்சார்னும் நிச்சயமா சொல்ல முடியாது" என்றார்.

டாக்டரம்மாவால் முடியாமல் போகலாம். என்னால் முடியும். நான் தொட்டதே இல்லை என்று அப்பா வாசற்படியில் நின்றுகொண்டு சொன்ன குரல் அன்றிலிருந்து காதைவிட்டுப் போகவில்லை. அம்மா ஊதச் சொல்லுவாள், ஊதுவார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவாள். கடைசியில் அவளுக்கு அதுவும் வெறுத்துப்போய், உன்னை அனுப்ப ஆரம்பித்தாள். நீ காலேஜில் சேர்ந்த வருஷம் அது. அவர் தூங்கும்போது போய் வாயை மோந்து பார்த்துவிட்டு வா என்பாள். நீ போய்விட்டு வந்து ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டுவாய், எதுவும் பேசமாட்டாய். அவர் இருக்கும் அறைக்குள் அதற்கு அப்புறம் நீ வேறெதற்கும் போனதில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உன்னைக் குத்திக் காட்டுவதற்கு இல்லை. நீ ஏன் அவர் படத்தைப் பார்க்கச் சகிக்காமல் கத்தினாய், ஏன் டீயைத் தவிர எதையும் தொடாமல் இருக்கிறாய் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. தம்பி, நீ சொன்னது பொய் இல்லை. வாசம் வந்தது, வந்ததைச் சொன்னாய். அவரும் பொய் சொல்லவில்லை. வீட்டில் ஒருவருமே பொய் சொல்லாமல் ஒரு மனுஷனைத் தனியாகப் படுக்க விட்டிருக்கிறோம்.

அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. குடிச்சே குடும்பத்தைக் கெடுத்தார் என்று நேற்றுக்கூடப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னால் தாங்குவாளா, சொல்லாமல் விட்டால் அது நியாயமா, ஒன்றும் புரியவில்லை. அத்தான் நல்லவர்தான், ஆனாலும் இது அவர் வீட்டுக் காரியம் இல்லை. இதை நீயும் நானும் சேர்ந்துதான் சுமக்க முடியும்.

டாக்டரம்மாவின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், உன் மேலதிகாரியிடம் கொடு. உனக்கு ஒன்றும் ஆகாது, நூறு வயது இருப்பாய் என்று வாழ்த்தி முடிக்க வேண்டும். நீ வந்து படுத்து, கையைத் தூக்கி, அந்தக் கருவி என்ன சொல்கிறது என்று நான் கண்ணால் பார்த்த பிறகு வாய் நிறைய வாழ்த்துகிறேன். ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கிடைக்கிற வண்டியில் ஏறு.

குடிக்கவில்லை என்று அப்பா சொன்னதை இந்த வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. உனக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொல்வதை நீயாவது நம்புடா.

உன் வரவுக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா